ஜெயிச்சவரின் கேஸ் நம்பர்

நார் அடுக்கித் தைத்த இரட்டைக் கட்டில் மெத்தையை மடக்க முடியாது. சுருட்டவும் முடியாது. தள்ளுவண்டியில் படுக்க வைத்து, கயிறு போட்டு, நேராக நடத்திக்கொண்டு போக வேண்டும். அந்தச் சந்தின் கடைசி வீட்டிலிருந்து நாற்பத்தைந்து வருடமாக மெத்தைகள் அப்படித்தான் வெளியே போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு டைல்ஸ் கடைக்காரர், இந்த இடம் என்னுடையது என்று சொல்லி, சந்தின் குறுக்கே நான்கு கான்கிரீட் தூண்களை நட்ட திங்கட்கிழமையோடு அது நின்றது. மற்ற வீடுகளுக்கு வேறு பக்கமும் வாசல் உண்டு, இந்த வீட்டுக்கு வண்டி போக இது ஒன்றுதான் வழி.

பின்பக்கம் சாக்கடை ஓரமாக ஒரு நடை உண்டு. கை வீசி நடந்தால் ஒரு கை சுவரில் இடிக்கும். புதன்கிழமை காலை புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மெத்தையைத் தலையில் வைத்து அந்த வழியாகக் கொண்டுபோனார்கள். முன்னால் போனவனுக்கு வழி தெரியவில்லை, பின்னால் போனவளுக்கு முன்னால் போனவனே தெரியவில்லை. மூன்றாவது வளைவில் மெத்தை சாய்ந்து சாக்கடைக்குள் விழுந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட துணி, அவளே தேடி எடுத்தது. நார் சாக்கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டால் அப்புறம் அதில் நாய்கூடப் படுக்காது. இரண்டு நாள் வேலை கண் முன்னால் கறுத்துக்கொண்டே போவதை அவள் ஓரத்தில் நின்று பார்த்தாள். அழுகை வந்தது, ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. "வக்கீல் வீடு எந்தத் தெருவுல இருக்கு?" என்று புருஷனைக் கேட்டாள்.

புருஷன் தங்கமானவன். கை பேசும், வாய் பேசாது. அவன் தைத்த மெத்தையின் ஓரத்தை விரலால் தடவினால் தையல் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் டைல்ஸ் கடைக்காரர் தூண் நட்டபோது அவன் வாசலில் நின்று, "என்னண்ணே இது," என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டான். அந்த வீட்டில் சண்டை போடும் வேலை மருமகளுக்குத்தான் விட்டுவைக்கப்பட்டிருந்தது. கல்லூரி விடுதிக்கு அறுபது மெத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். வழியே போய்விட்டால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மாமனார் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "அவன் கிடக்கான். இந்த வழிக்கு நான் அப்பவே கேஸ் போட்டு ஜெயிச்சாச்சு," என்றார்.

இதைச் சந்தில் எல்லோரும் அறிவார்கள். அவருடைய பெயரே ஜெயிச்சவர் என்றாகிவிட்டிருந்தது. தபால்காரரே "ஜெயிச்சவர் வீடு" என்று சொல்லித்தான் புது ஆளுக்கு வழி காட்டுவார். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு கம்பவுண்டர், இந்த டைல்ஸ் கடைக்காரரின் அப்பா. அவர் சந்தை அடைக்கப் பார்த்தாராம். இவர் சிங்கம் மாதிரி கோர்ட்டுக்குப் போய்க் கேஸ் போட்டாராம். நீதிபதி எழுந்து நின்று இவருக்குக் கை கொடுக்காத குறையாம். மருமகள் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே இந்தக் கதையை மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்றாவது தடவை நீதிபதி கையே கொடுத்துவிட்டார்.

வக்கீலம்மா இளவயதுக்காரி. மேஜையில் கட்டுக்குக் கட்டு காகிதம், அதற்கு நடுவில் ஆறிப்போன டீ. ஜெயித்த கதையைக் கேட்டவுடன் அவர் முகம் மலர்ந்தது. பழைய தீர்ப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது என்றார். தீர்ப்பு நகல் எங்கே என்று கேட்டார். வெள்ளம் வந்த வருடம் நனைந்து கூழாகிவிட்டதாக மாமனார் சொல்லியிருந்தார். கேஸ் நம்பர்? தெரியாது. வருடமாவது? நாற்பதோ நாற்பத்திரண்டோ வருடம் இருக்கும், சரியாகத் தெரியாது. வக்கீலம்மாவின் முகம் வந்த வழியே திரும்பிப் போனது. தூண்களை எடுக்கச் சொல்லி மனு போட்டார், நீதிபதி பதினாறு நாள் கொடுத்தார். அதற்குள் வழி உங்களுக்கும் உண்டு என்று காட்டுகிற ஒரு காகிதம் வேண்டும்.

"நம்பர் இல்லாம பதிவறையில ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லுவாங்க," என்றார் வக்கீலம்மா. "நடக்காதுன்னா நாள் ஆகும்னு அர்த்தம். நீங்க விடாம போங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

பதிவறை கோர்ட்டின் பின்கட்டில் இருந்தது. நீள அறை, இரண்டு ஜன்னல், அதில் ஒன்று அலமாரிக்குப் பின்னால். தரையிலிருந்து கூரை வரை இரும்புத் தட்டுகள், தட்டு நிறைய நாடா கட்டிய கட்டுகள். ஒரு மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதிவறைக்காரர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கைக்குட்டையை மூக்குக்கு மேலே கட்டி, கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தார். தூசி ஒத்துக்கொள்ளாது. தூசி ஒத்துக்கொள்ளாத மனிதருக்குப் பதிவறையைக் கொடுத்த அதிகாரி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அவர் கெட்டவர் கிடையாது. ஆனால் படிவத்தில் எழுதியதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு படிவத்துக்கு ஒரு வருடம்தான் தேடுவார். வாதி பெயர், பிரதிவாதி பெயர், வருடம். கேஸ் போட்டவர் வாதி, யார்மீது போட்டதோ அவர் பிரதிவாதி என்று விளக்கினார். மருமகள் வாதி என்ற இடத்தில் மாமனாரின் முழுப் பெயரையும், பிரதிவாதி என்ற இடத்தில் கம்பவுண்டரின் பெயரையும் எழுதினாள். அவர் உள்ளே போய், பெயர் வரிசைப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, இரண்டு தும்மலுக்குப் பிறகு வந்து, 'இல்லை' என்ற முத்திரையைக் குத்தினார்.

அடுத்த வருடத்துக்கு இன்னொரு படிவம். இல்லை. முந்தின வருடத்துக்கு ஒன்று. இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு படிவத்துக்கு மேல் வாங்க மாட்டார். மூன்றே நாளில் ஆறு 'இல்லை' சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு வேலை காத்திருக்கும். விடுதி மெத்தைகளுக்கு உறை வெட்ட வேண்டும். தைத்து முடித்த மெத்தைகளை வெளியே அனுப்ப வழியில்லாமல் கூடத்தில் அடுக்கி அடுக்கி, சாப்பிட உட்காரவே இடமில்லாமல் போனது. புருஷன் மெத்தை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டான், கூரை தலையில் தட்டியது. மாமனார் மூலையில் உட்கார்ந்து நார் பிரித்துக்கொண்டிருப்பார். கண் மங்கிவிட்டது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, ஆனால் விரல்கள் மட்டும் கட்டி விழுந்த நாரை முடிமுடியாகப் பிரித்துவிடும். அன்றன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் அவரிடம் ஒப்பிப்பாள். அவர் நாரைப் பார்த்தபடியே கேட்பார்.

"அந்த வருஷமா இருக்காதும்மா. அதுக்கு முந்தின வருஷமா இருக்கும்," என்பார்.

மறுநாள், "பிந்தின வருஷமா இருக்குமோ என்னவோ." அதற்கு மறுநாள், பதிவறையில் எலி கடித்திருக்கும் என்றார். அதற்கும் மறுநாள், எதற்கு இத்தனை அலைச்சல், டைல்ஸ் கடைக்காரனிடம் நானே ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன் என்றார். இத்தனை வருடமாக ஜெயித்த கதையைக் கேட்காதவர்களையும் பிடித்து உட்கார வைத்துச் சொன்ன மனிதர், அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மருமகள் இதைக் கவனித்தாள். வயதாகிவிட்டது, பாவம், மனசு கலங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அவள் வேறு படிவம் கேட்டாள். நீங்கள் தேட வேண்டாம், பதிவேட்டை நானே பார்க்கிறேன் என்றாள். பதிவறைக்காரர் அப்படி ஒரு படிவம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்துவிட்டு மௌனமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. பேனா கூடாது, பென்சில்தான். பையை வெளியே வைக்க வேண்டும்.

வழக்குப் பதிவேடு என்பது சின்னச் சமாச்சாரம் இல்லை. விரித்தால் ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் நம்பர், அடுத்து வாதி, அடுத்து பிரதிவாதி, அப்புறம் என்ன கேட்டார்கள், என்ன ஆயிற்று. மை பழுத்துப் போயிருந்தது. ஒரு காலத்து எழுத்தர் முத்து முத்தாக எழுதியிருந்தார், அடுத்து வந்தவர் எறும்பை மையில் தோய்த்து ஓடவிட்டிருந்தார். அவள் வாதி பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனாள். எத்தனையோ பேர் எத்தனையோ பேர்மீது கேஸ் போட்டிருந்தார்கள். அண்ணன் தம்பிமீது, தம்பி அண்ணன்மீது, ஒரு மனிதர் தன் மாமியார்மீது மூன்று. மூன்று நாளில் நான்கு வருடம் பார்த்து முடித்தாள். மாமனார் எங்கேயும் இல்லை.

விட்டுப்போயிருக்குமோ என்று இரண்டாம் தடவை எடுத்த பதிவேடு கையோடு பிரிந்து வந்துவிட்டது. முதுகுத் தையல் இற்றுப்போய், தாள்கள் கொத்துக் கொத்தாக மேஜையில் சரிந்தன. இருநூறு நம்பருக்கு அடுத்து எழுபது, அதற்கு அடுத்து முந்நூற்றுச் சொச்சம். இது போன வாரம் படிவத்துக்கு 'இல்லை' வந்த வருடம், அவளே விரல் வைத்து ஒரு தடவை பார்த்தும் ஆகிவிட்டது. ஆனால் பிரிந்து கிடக்கும் தையலைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவளுக்கு மனசு வரவில்லை.

"சார், என் பையில ஊசி இருக்கு. எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

பதிவறைக்காரர் கைக்குட்டையை இறக்கினார். எட்டு நாளில் அன்றுதான் அவள் அவருடைய வாயைப் பார்த்தாள். பதிவேட்டைத் தைக்க விதியில் இடமில்லை என்றார்.

"தைக்கக் கூடாதுன்னு இருக்கா சார்?"

அவர் எழுந்து போய் விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அப்படியும் இல்ல," என்றார்.

அவள் மெத்தை ஊசியையும் மெழுகு தேய்த்த நூலையும் எடுத்தாள். தைப்பதற்கு முன்னால் தாள்களை வரிசைப்படுத்த வேண்டும். வரிசைப்படுத்த ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து, நம்பரைப் பார்த்து, ஓரத்தைத் தட்டி, மேலே வைக்க வேண்டும். அவளுக்குத் துணியின் அகலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தே பழக்கம். விரல் பத்தியில் இறங்காமல் வரியில் ஓட ஆரம்பித்தது. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பத்தொன்பது. நூற்று இருபதில் விரல் நின்றது.

வாதி என்ற இடத்தில் கம்பவுண்டரின் பெயர் இருந்தது. பிரதிவாதி என்ற இடத்தில் மாமனாரின் பெயர், அவருடைய அப்பா பெயர், தொழில் மெத்தை தைத்தல். கேட்டது: பொது வழியில் பிரதிவாதி போட்ட கொட்டகையை அகற்றவும், வழியை இருவருக்கும் பொது என்று அறிவிக்கவும். முடிவு: சமரசத் தீர்ப்பு. கொட்டகையை அகற்றப் பிரதிவாதி சம்மதம். வழி என்றென்றைக்கும் இரு வீட்டுக்கும் பொது.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை சந்தோஷம் வந்தது. இரண்டாவது தடவை புரிந்தது. மூன்றாவது தடவை, தினமும் சாயங்காலம் நாரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. எட்டு நாள். தெரிந்தே அலைய விட்டிருக்கிறார். நம்பரைப் பென்சிலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பதிவேட்டை நெருக்கமான தையலாகப் போட்டு முடித்து, முடிச்சை உள்ளே தள்ளிவிட்டுத்தான் எழுந்தாள்.

பதிவறைக்காரர் தைத்த முதுகைத் தடவிப் பார்த்தார். அப்புறம் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். "படிவத்துல நீங்க அவரை வாதின்னு எழுதியிருந்தீங்க. நான் வாதியில தேடினேன்," என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் எதையும் ஒப்பிக்கவில்லை. கை கால் கழுவி, மாமனாருக்கு டீ வைத்துக் கொடுத்து, எதிரில் நார்க் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். புருஷன் மெத்தை அடுக்கின் மேல் உட்கார்ந்து உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தான்.

"நூத்தி இருபது மாமா," என்றாள். "உங்க கேஸ் நம்பர்."

அவருடைய விரல்கள் நின்றன. டீயைத் தொடாமல் ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு பேசினார், மகனைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல். சந்தின் வாயில் பஞ்சு அடிக்கக் கொட்டகை போட்டது தான்தான் என்றார். அப்போது கம்பவுண்டர் வீட்டு வாசல் சந்துக்குள் இருந்தது. வந்து நல்லபடியாகக் கேட்டார், இளரத்தம், போய்யா என்று சொல்லிவிட்டேன் என்றார். அவர் கேஸ் போட்டார். ஒன்றரை வருடம் நடந்தது. கடைசியில் என் வக்கீலே கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார்.

"போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். உன் மாமியார் இவனை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறா. என்னாச்சுன்னு கேக்கறா. ஜெயிச்சுட்டேன்னு வாயில வந்துடுச்சு. கொட்டகையை ஏன் பிரிக்கறீங்கன்னு கேட்டா, ஜெயிச்சாச்சு, இனி பெருந்தன்மையா இருப்போம்னு சொன்னேன். அவ நம்பிட்டாம்மா. தட்டு நிறைய மிட்டாய் வாங்கி சந்து முழுக்கக் குடுத்தா."

"கம்பவுண்டர் வீட்டுக்குமா?" என்று மருமகள் கேட்டாள்.

"அங்கதான் மொதல்ல. நான் வெலவெலத்துப் போய் கதவு மறைவுல நிக்கறேன். தட்டை நீட்டி, எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டாருன்னு சொல்றா. அந்த மனுஷன் அவளைப் பாத்தாரு. இவனைப் பாத்தாரு. ஒரு மிட்டாயை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, ரொம்ப சந்தோஷம்மான்னு சொன்னாரு. அவ்வளவுதான். சாகற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை."

அப்புறம் கம்பவுண்டர் முன்மனையை வாங்கி வாசலைப் பெரிய தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். சந்து அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் மகனுக்கு அந்தக் கேஸ் எப்படி முடிந்தது என்று தெரிய நியாயமில்லை. ஜெயிச்சவர் சொல்லும் கதை மட்டும் தெரிந்திருக்கும், அதில் அவன் அப்பாதான் வில்லன்.

மெத்தை அடுக்கின் மேலிருந்து புருஷன் வாயைத் திறந்தான். அந்த வீட்டில் அது அடிக்கடி நடப்பதில்லை. "அந்தப் பேப்பர் வேணாம்," என்றான். "வேற ஏதாவது பாப்போம். இந்த வயசுல அப்பா சந்துல தலை காட்ட முடியாதபடி ஆயிடும்."

"சிரிச்சா ஒரு வாரம் சிரிப்பாங்க," என்றாள் அவள். "வழி போனா ஆயுசுக்கும் போச்சுங்க."

"வேற வழியே இல்லையாம்மா?" என்று கிழவர் கேட்டார்.

"இருக்கு மாமா. சாக்கடை ஓரம்."

அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. எட்டு நாளும் காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று போயிட்டு வாம்மா என்றாரே, அதை நினைக்க நினைக்க எரிந்தது. ஆனால் மாமியாரின் மிட்டாய்த் தட்டை நினைத்தால் கோபம் ஒரு நிலையில் நிற்க மறுத்தது. எழுந்து போய், ஆறிய டீயைக் கொட்டிவிட்டு வேறு டீ வைத்துக்கொண்டு வந்தாள். "நான் நாளைக்கு நகலுக்கு எழுதிக் குடுக்கப் போறேன்," என்று சொல்லித் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

நம்பர் இருந்தால் பதிவறையில் பத்து நிமிடம்தான். பதிவறைக்காரர் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு கட்டை எடுத்து, ஊதாமல் துடைத்துக் கொடுத்தார். மற்ற காகிதங்களை எல்லாம் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிட்டார்கள், தீர்ப்பை மட்டும் அழிக்க மாட்டார்கள் என்றார். மூன்று தாள். கடைசித் தாளில் இரண்டு கையெழுத்து. ஒன்று நிதானமாக, சாய்வாக. இன்னொன்று காகிதத்தைக் கிழிக்கிற அழுத்தத்தில். நகல் பிரிவில் முத்திரை குத்துகிறவர் இரண்டு நாள் விடுப்பில் போனார், வந்ததும் இயந்திரம் பழுதாயிற்று. அவள் தினமும் போய் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து உறைகளுக்குப் பொத்தான் தைத்தாள். மூன்றாம் நாள் நகல் பிரிவுக்காரர்களுக்கே அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கெடுவுக்கு முந்தின நாள் மாலை நாலரை மணிக்கு 'உண்மை நகல்' என்ற முத்திரையோடு மூன்று தாளும் கைக்கு வந்தன.

கோர்ட்டுக்குச் சந்தில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஜெயிச்சவர் ஜெயித்த தீர்ப்பைப் படிப்பார்கள் என்று கேள்விப்பட்டு வந்த கூட்டம். மாமனார் பின் பெஞ்சில் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. காலையில் தானாகச் சட்டை மாட்டிக்கொண்டு, சாக்கடை ஓரமாக மகன் தோளைப் பிடித்து நடந்து வந்திருந்தார்.

வக்கீலம்மா நகலைக் கொடுத்தார். நீதிபதி படித்தார். டைல்ஸ் கடைக்காரரின் வக்கீல் அனுபவசாலி. நாற்பத்தொரு வருடத்தில் கதவு எண்கள் இரண்டு தடவை மாறிவிட்டன என்றார். இதே பெயரில் ஊரில் எத்தனையோ பேர். இது இந்தச் சந்துதான் என்றோ, இந்தப் பிரதிவாதி இவர்கள் குடும்பம்தான் என்றோ காகிதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதோடு, மனுதாரர் வீட்டுப் பெரியவர் கேஸ் போட்டு ஜெயித்தவர் என்றல்லவா ஊரே சொல்கிறது, இதில் இருப்பவர் கேஸ் போடப்பட்டவர் ஆயிற்றே என்றார். கெட்டிக்கார வாதம். மூன்று தாளையும் தேடிக் கண்டுபிடிக்க மருமகளால் முடிந்தது, இதற்கு மேல் அவள் கையில் எதுவும் இல்லை.

நீதிபதி, இதைப் பற்றி நேரில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். பின் பெஞ்சில் கைத்தடி தரையில் தட்டுப்பட்டது. மாமனார் எழுந்து நின்றார். கூண்டுக்கு வரச் சொன்னார்கள். வந்து சேர நேரம் பிடித்தது, எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நீங்க யாரு?" என்று நீதிபதி கேட்டார்.

"பிரதிவாதிங்க," என்றார் அவர்.

அவர் சந்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பிச் சொன்னார். கொட்டகை போட்டவன் நான். வழியை அடைச்சவன் நான். கம்பவுண்டர் கேஸ் போட்டார், நான் கையெழுத்துப் போட்டுக் கொட்டகையைப் பிரித்தேன், வழி ரெண்டு வீட்டுக்கும் பொது என்று ஒப்புக்கொண்டேன். அந்த அழுத்தின கையெழுத்து என்னுடையதுதான். "நான் ஜெயிக்கலைங்க," என்றார் கடைசியில். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு வாரத்துக்குள் தூண்களை எடுக்க வேண்டும், வழக்கு முடியும்வரை வழியை அடைக்கக் கூடாது என்று நீதிபதி சொன்னார். வெளியே தாழ்வாரத்தில் டைல்ஸ் கடைக்காரர் நகலை வாங்கித் தன் அப்பாவின் சாய்வான கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமனார் கிட்டே போய் மிட்டாய்த் தட்டின் கதையைச் சொன்னார். "உங்கப்பா என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம் தம்பி. குடுக்கலை. நான் அவரைப் பத்தி நாப்பது வருஷமா சந்து முழுக்கத் தப்பா சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றார். டைல்ஸ் கடைக்காரர் நகலை மருமகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தூண்களை அவர் ஆட்களே இடித்தார்கள். மறுநாள் காலை வண்டியில் முதல் ஐந்து மெத்தை ஏறியது. மாமனார் தன்னையும் ஏற்றச் சொன்னார். விடுதி மெத்தையின் மேல் உட்கார்ந்து போனால் விடுதிக்காரன் என்ன சொல்வான் என்று மகன் முனகினான். மருமகள் மேலே ஒரு பழைய துணியை விரித்து அவரை ஏற்றி உட்கார வைத்தாள். ஒரு வாரமாக அவர் வாசலுக்கே வரவில்லை. சந்தில் சிரித்தார்கள்தான். யாரோ 'தோத்தவர்' என்றுகூடச் சொன்னது காதில் விழுந்திருந்தது. அதனால்தான் அவள் ஏற்றினாள்.

சந்தின் வாயில் டைல்ஸ் பெட்டிகளை இறக்கி வைத்திருந்தார்கள். வண்டி நின்றது. டைல்ஸ் கடைக்காரர் கடைக்கு வெளியே நின்று பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தார், மேலே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"பெட்டியை ஓரமா நகத்துங்கப்பா," என்று ஆட்களிடம் சொன்னார். "ஜெயிச்சவர் வர்றாரு."

கிண்டலா, மரியாதையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய அப்பா மிட்டாயை எடுத்து வாயில் போட்டபோதும் முகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மாமனார் கைத்தடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"தள்ளும்மா," என்றார்.

அவள் தள்ளினாள். வண்டி பெரிய தெருவில் ஏறியது.